சொந்தக் காரை நாமே கழுவ: கேள்வி பதில்

கே: அண்ணே, காரைக் கழுவியே ஞாயிற்றுக்கிழமை காலை போய்விடுகிறது. சீக்கிரம் முடிக்க வழி உண்டா?

ப: நேரம் போவது கழுவுவதில் இல்லை தம்பி, கழுவியதையே திரும்பக் கழுவுவதில்தான். பாடியை முடித்துவிட்டுச் சக்கரத்தைத் தேய்த்தால் பிரேக் தூசி கதவில் தெறிக்கும். அதனால் முதலில் சக்கரம். அப்புறம் கூரை, கண்ணாடி, பானெட், கதவின் மேல்பாதி. மண் அதிகம் ஒட்டும் கீழ்ப்பாதியும் பம்பரும் கடைசியில். வெயில் ஏறுமுன் தொடங்கிவிடுங்கள்.

கே: எங்கள் அபார்ட்மென்ட்டில் போர் தண்ணீர்தான். காய்ந்தால் வெள்ளைப் புள்ளி நிற்கிறது.

ப: தண்ணீரில் இருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புதான் அது. சென்னையில் பலருக்கும் இதே தலைவலி. தானாகக் காய விடவே கூடாது. ஒரு பக்கம் அலசியதும் மைக்ரோஃபைபர் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள். வீட்டு ஏசியில் சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து, வடிகட்டி, கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்ளலாம். காற்றின் ஈரம் குளிர்ந்து வருவதால் அதில் உப்பு அநேகமாக இருக்காது. ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர் மட்டும் வேண்டாம். ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. படிந்துவிட்ட புள்ளிக்கு வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் ஒற்றி வைத்து, உடனே நன்றாக அலசுங்கள். புள்ளியை மாதக்கணக்கில் விட்டால் பெயின்ட்டையே அரித்துவிடும். பிறகு பாலிஷ்தான்.

கே: வாட்ச்மேன் தினமும் காய்ந்த துணியால் துடைக்கிறார். பரவாயில்லையா சார்?

ப: தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். தூசியில் பொடி மணல் இருக்கிறது. பெயின்ட் மேலுள்ள கிளியர் கோட்டோ தலைமுடி அளவு தடிமன்கூட இருக்காது. கறுப்புக் காரில் வெயில் படும்போது தெரியும் வட்ட வட்டக் கீறலெல்லாம் பெரும்பாலும் இப்படி வந்ததுதான். அதே சம்பளத்துக்கு வாரம் இரண்டு நாள் தண்ணீர் ஊற்றிக் கழுவட்டும்.

கே: பாத்திரம் விளக்கும் லிக்விட் போதாதா?

ப: அது பெயின்ட்டைக் காக்கும் மெழுகுப் பூச்சான வேக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும். கார் ஷாம்புவே வாங்குங்கள்.

கே: இரண்டு வாளி அவசியமா?

ப: ஆமாம். ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில், காரைத் தேய்க்கும் கையுறையில் ஏறிய மண்ணை அலச வெறும் தண்ணீர்.

கே: கழுவிய பிறகும் பெயின்ட் சொரசொரவென்று இருக்கிறது அண்ணா.

ப: மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுத் தடவினால் எந்த இடம் என்று துல்லியமாகத் தெரியும். அங்கே ஷாம்புத் தண்ணீர் தெளித்து, கிளே பாரை (ஒட்டிய துகளை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி) அழுத்தாமல் ஓட்டுங்கள். பார் கீழே விழுந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், ஒட்டிய மணல் கீறிவிடும். முடிந்ததும் வேக்ஸ் போட மறக்காதீர்கள். அடுத்த முறை அழுக்கு எளிதாக வரும், வேலையும் சீக்கிரம் முடியும்.