காப்பர் டி: முதலில் இரத்த அளவைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 28 வயது. இரண்டு குழந்தைகள். இளையவளுக்கு எட்டு மாதம் ஆகிறது. இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறேன். கணவர் தூத்தூரிலிருந்து ஆழ்கடல் தொழிலுக்குச் செல்பவர். ஒருமுறை போனால் கரை திரும்ப முப்பது, நாற்பது நாட்கள் ஆகும். நான் முந்திரி ஆலையில் குந்தியிருந்து வேலை செய்கிறேன். முன்பு சாப்பிட்ட கருத்தடை மாத்திரையால் தலைவலி வந்ததால் நிறுத்திவிட்டேன். கிராம சுகாதாரச் செவிலியர் காப்பர் டி போட்டுக்கொள்ளச் சொல்கிறார். மாமியாரோ, அது மேலேறி நெஞ்சுக்குப் போய்விடும், உதிரப்போக்கு நிற்காது என்கிறார். எனக்கு மாதவிடாய் ஆறு நாள் இருக்கும். கர்ப்ப காலத்தில் இரத்தம் குறைவென்று ஊசி மூலம் இரும்புச்சத்து ஏற்றினார்கள். நான் போட்டுக்கொள்ளலாமா?
- வாசகி, நித்திரவிளை

பதில்: போட்டுக்கொள்ளலாம், சகோதரி. ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசியில் எழுதியிருப்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

காப்பர் டி என்பது கருப்பைக்குள் வைக்கும், செம்பு சுற்றிய சிறு கருத்தடைச் சாதனம். அதில் ஹார்மோன் கிடையாது. அதிலுள்ள செம்பு கருப்பைக்குள் சிறிது சிறிதாகக் கரைந்து, விந்தணுக்களைச் செயலிழக்கச் செய்து, கருத்தரிப்பைத் தடுக்கிறது. ஆகவே மாத்திரையால் வந்த தலைவலி இதனால் வராது; தாய்ப்பாலும் குறையாது. பயன்படுத்தும் நூறு பெண்களில் முதல் ஆண்டில் கருவுறுபவர் ஒருவருக்கும் குறைவே. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும் 380ஏ வகை 10 ஆண்டுகளுக்கும், 375 வகை 5 ஆண்டுகளுக்கும் பயன்படும். கணவர் கடலில் இருக்கும் நாட்களில் தினமும் மாத்திரையை நினைவில் வைக்கும் தேவையில்லை என்பது உங்களைப் போன்ற குடும்பங்களுக்குப் பெரிய வசதி. மூன்றாவது குழந்தை வேண்டுமென்று தோன்றினால் எடுத்துவிடலாம். கருத்தரிக்கும் திறன் உடனே திரும்பிவிடும்.

இதற்கு நீங்கள் கொடுக்க வேண்டிய விலை இரத்தம். போட்ட முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் பெரும்பாலோருக்கு மாதவிடாய் கூடுதலாகவும் வலியோடும் வரும். சிலருக்கு உதிரப்போக்கு ஏறத்தாழ பாதி அளவு அதிகரிக்கலாம். இயல்பான இரத்த அளவு உள்ள பெண் இதைத் தாங்கிக்கொள்வார். ஆறு நாள் மாதவிடாயும் ஏற்கெனவே இரத்தசோகையும் உள்ள நீங்கள், காலை முதல் மாலை வரை ஆலையில் உட்கார்ந்து வேலை செய்துவிட்டு வீட்டிலும் உழைக்க வேண்டிய நீங்கள், எளிதில் தளர்ந்துபோவீர்கள். அதனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு அது 12 கிராமாவது இருக்க வேண்டும். சற்றுக் குறைவாக இருந்தால் காப்பர் டியை மறுக்கத் தேவையில்லை. இரும்புச்சத்து மாத்திரையையும் உடன் தொடங்கி, மூன்று மாதத்தில் மறுபடி பரிசோதிக்கலாம். மிகவும் குறைவாக இருந்தால் முதலில் இரத்தத்தைத் தேற்றுவதே நல்லது என்பது என் கருத்து. அதுவரை ஆணுறை போதும். வாரம் ஒரு முறை சாப்பிடும் ஹார்மோன் இல்லாத 'சாயா' மாத்திரையும் (முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இருமுறை) அரசு மருத்துவமனைகளில் உண்டு.

உங்கள் மாமியாரின் அச்சத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். 1965இல் நாடெங்கும் பரப்பப்பட்ட, கருப்பைக்குள் வைக்கும் பழைய பிளாஸ்டிக் 'லூப்' காலத்தில், உதிரப்போக்கு பற்றி முன்கூட்டியே சொல்லப்படாத பெண்கள் பலர் அவதிப்பட்டார்கள். அந்த நினைவு இன்னும் குடும்பங்களில் இருக்கிறது. ஆனால் கருப்பையிலிருந்து நெஞ்சுக்குச் செல்ல வழியே இல்லை. போடும்போது கருப்பைச் சுவரில் துளை விழுவது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு நேரலாம். பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு அந்த வாய்ப்பு சற்று அதிகம் என்பதால், அனுபவமுள்ளவரிடமே போட்டுக்கொள்ளுங்கள். தானாக வெளியே வந்துவிடுவதும் உண்டு: முதல் ஆண்டில் நூற்றில் இரண்டு முதல் பத்துப் பேருக்கு, பெரும்பாலும் மாதவிடாய் நாட்களில். குந்தியிருப்பதாலோ பாரம் தூக்குவதாலோ அது நழுவாது.

கர்ப்பமாக இருப்பவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு, இடுப்புக்குழியில் தற்போது தொற்று, கருப்பையின் வடிவத்தை மாற்றும் நார்க்கட்டி, செம்பு ஒவ்வாமை, வில்சன் நோய் (உடலில் செம்பு தேங்கும் நோய்) ஆகியவை உள்ளவர்கள் போட்டுக்கொள்ளக் கூடாது. இது பால்வினை நோய்களைத் தடுக்காது. அந்த ஐயம் இருந்தால் ஆணுறையும் வேண்டும். போட்ட முதல் மூன்று வாரங்களில் காய்ச்சல், அடிவயிற்று வலி, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இருந்தாலோ, எப்போதாவது மாதவிடாய் தள்ளிப்போய் வயிறு வலித்தாலோ காத்திராமல் மருத்துவரிடம் செல்லுங்கள். அரிதாக இதையும் மீறிக் கருத்தரித்தால், அது கருக்குழாயில் தங்கியிருக்கக்கூடும்.

கேள்வி: சிசேரியன் முடிந்து வீடு திரும்பும்போது கொடுத்த அட்டையில் காப்பர் டி வைத்ததாக எழுதியிருக்கிறது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. நூலும் தட்டுப்படவில்லை.
- வாசகி, குளச்சல்

பதில்: உங்கள் சம்மதம் இல்லாமல் வைத்தது தவறு. பிரசவ நேரத்திலேயே வைப்பது மருத்துவ முறைப்படி சரியானதுதான். ஆனால் கர்ப்ப காலப் பரிசோதனைகளின்போதே விளக்கிச் சொல்லி, உங்கள் சம்மதத்தைப் பெற்றிருக்க வேண்டும். அதை வைத்திருப்பதா, எடுப்பதா என்பதை நீங்களே முடிவு செய்யலாம். காரணம் சொல்லவும் தேவையில்லை. காப்பர் டியின் அடியில் கருப்பை வாய்க்கு வெளியே தொங்கும் மெல்லிய நூல், சிசேரியனில் வைத்தால் கருப்பைக்குள் சுருண்டிருப்பது சாதாரணம். ஆனால் காப்பர் டியே தானாக வெளியே வந்திருக்கவும் கூடும் என்பதால், ஸ்கேன் எடுத்து இருக்கும் இடத்தை உறுதிசெய்யும் வரை கருத்தடைக்கு அதை நம்ப வேண்டாம். வீட்டிலேயே எடுக்க முயலாதீர்கள். அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். எந்த வகை, எந்தத் தேதி என்ற இரண்டும் அதில் இல்லையென்றால் மருத்துவமனையில் கேட்டு எழுதி வாங்குங்கள்.