வலி ஸ்ப்ரேயை முதலில் எடுக்காதீர்கள்

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் நான். மைதானத்தில் நான் ஒருவன்தான். கபடிப் பயிற்சியில் பிள்ளைகளுக்கு அடிபட்டால் எதை நானே பார்க்கலாம், எப்போது 108-ஐ அழைக்க வேண்டும்?

பதில்: அடிபட்டதும் எல்லாருக்கும் கை போவது வலி ஸ்ப்ரேக்குத்தான். அது தோலைச் சற்று நேரம் மரக்கச் செய்யும், அவ்வளவே. வலி தெரியாத பையன் மறுபடி பாடப் போவான். பாதி இழுபட்ட ஜவ்வு முழுதாகக் கிழிவது அப்போதுதான்.

கணுக்கால் மடங்கினால், இருபுறமும் புடைத்திருக்கும் எலும்பின் நுனியையும், அங்கிருந்து மேலே 6 செ.மீ. வரை அதன் பின்விளிம்பையும் விரலால் அழுத்திப் பாருங்கள். எலும்பின் மேலேயே வலித்தால் நடக்கவிடாமல் எக்ஸ்ரேக்கு அனுப்புங்கள். வலிக்காவிட்டால் நாலடி நடக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் அப்போதும் எக்ஸ்ரேதான். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு நுனியிலுள்ள வளர்ச்சித் தகடு ஜவ்வைவிடப் பலவீனமானது. பெரியவர்களுக்குச் சுளுக்கோடு போவது இவர்களுக்கு முறிவாக இருக்கலாம்.

வெறும் சுளுக்கென்றால் ஐஸைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். ஐஸ் கிடைக்காத ஊரில் குளிர்ந்த நீரில் நனைத்த துண்டு போதும். 10 செ.மீ. கிரேப் பேண்டேஜை விரல்களின் அடியிலிருந்து கணுக்காலுக்கு மேல் வரை சுற்றுங்கள். பிறகு கால் நகத்தை அழுத்திவிட்டால் 2 வினாடியில் நிறம் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் கட்டு இறுக்கம், அவிழ்த்துக் கட்டுங்கள். எண்ணெய் போட்டு நீவிச் சுளுக்கு எடுப்பது, வெந்நீர் ஒத்தடம் இரண்டும் முதல் 3 நாள் கூடாது. உள்ளே கசியும் ரத்தமும் வீக்கமும் கூடும். பெற்றோரிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள், வீட்டில் முதலில் செய்வதே அதுதான்.

தலையோடு தலை மோதினால் மயங்காவிட்டாலும் அன்று ஆட்டம் கிடையாது. எந்தப் பாதி நடக்கிறது, கடைசியாகப் பாடிப் போனது யார் என்று கேளுங்கள். குழம்பினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, இரட்டைப் பார்வை, வலிப்பு, அசாதாரணத் தூக்கம் இருந்தாலோ 108-தான். கழுத்து வலி, கைகால் மரப்பு என்றால் கிடந்த இடத்திலேயே தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். நாலு பையன்கள் கையும் காலுமாகத் தூக்க ஓடிவருவார்கள். தடுப்பது உங்கள் வேலை.

மூக்கில் ரத்தம் வந்தால் தலையை முன்னே சாய்த்து, மூக்கின் மென்பகுதியை 10 நிமிடம் விடாமல் பிடியுங்கள். நிலைப்பல் விழுந்தால் வேரைத் தொடாமல் பாலில் போட்டு, அரை மணிக்குள் பல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

ஒற்றை ஆளாக இருப்பதால் வகுப்புக்கு இரண்டு மாணவர்களை முன்பே பழக்குங்கள். ஒருவர் தலைமையாசிரியரிடம் ஓட, மற்றவர் மீதிப் பிள்ளைகளை உட்காரவைக்க வேண்டும். முதலுதவிப் பெட்டி மூடியின் உள்பக்கம் பள்ளியின் முழு முகவரி, அருகிலுள்ள அடையாளம், ஆம்புலன்ஸ் நுழையும் கேட், அதன் சாவி யாரிடம் என்பதை ஒட்டிவையுங்கள். பெற்றோர் எண்களோடு வலிப்பு, ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் பட்டியலும் வேண்டும். மாலைப் பயிற்சியின்போது அலுவலக அறை பூட்டியிருக்கும். அதனால் ஒரு நகல் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

பெட்டியில் கிரேப் பேண்டேஜ் 4, முக்கோணத் துணி 4, காஸ் (காயத்தில் வைக்கும் மெல்லிய வலைத்துணி) பாக்கெட் 20, கையுறை, சலைன் பாட்டில் 2, கத்தரிக்கோல், முறிந்த இடத்தை அசையாமல் வைத்துக் கட்ட முழங்கை நீளத் தடித்த அட்டை 2 போதும். மாத்திரை எதுவும் வேண்டாம்.