டெல்லுரைடு மலையில் ஒரு புளூகிராஸ் இரவு: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

அமெரிக்காவின் கொலராடோவில் டெல்லுரைடு என்றொரு சின்ன மலை ஊர். கடல்மட்டத்திலிருந்து 8,750 அடி உயரம், மூன்று பக்கமும் மலைச்சுவர். 1974-இல் தொடங்கிய புளூகிராஸ் விழா, ஜூனில் பகல் மிக நீளமாக இருக்கும் வாரத்தில், அங்கே நான்கு நாள் நடக்கிறது. புளூகிராஸ் என்பது தந்திக் கருவிகளோடு பாடும் அமெரிக்க இசை வகை. நான் போய் வந்ததைச் சொன்னதும் நிறையப் பேர் கேள்வி அனுப்பிவிட்டீர்கள். எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, மாண்டலின் என்றாலே எங்களுக்கு யு. ஸ்ரீநிவாஸ்தான். இதுவும் அதே கருவியா?

குடும்பம் ஒன்றுதான், வேலை வேறு. அவர் வாசித்தது ஐந்து தந்தி கொண்ட மின் மாண்டலின். புளூகிராஸில் இருப்பது மரப்பெட்டி மாண்டலின். எட்டுத் தந்தி, இரண்டிரண்டாக நான்கு ஜோடி. வயலினுக்கு உள்ள சுருதி அமைப்புதான் இதற்கும். மெட்டு வாசிப்பதோடு இன்னொரு பொறுப்பும் இதற்கு உண்டு. பழைய பாணி புளூகிராஸ் குழுவில் மத்தளம், டிரம் எதுவும் கிடையாது. பெரிய பேஸ் ஒன்றாம், மூன்றாம் தட்டில் 'டும்' என்கிறது. இரண்டாம், நான்காம் தட்டில் மாண்டலின்காரர் எல்லாத் தந்தியையும் ஒரே இழுப்பில் தட்டி, அந்த நொடியே இடது கை விரலைத் தளர்த்திச் சத்தத்தை அடக்கிவிடுகிறார். 'சக்' என்று ஒலிக்கும். தாளமே அதுதான். முதல் தடவை கேட்கிறவர்கள் பாஞ்சோவின் (வட்ட முகத்தில் தோல் கட்டிய, நீண்ட கழுத்துள்ள தந்திக் கருவி) வேகத்தில் மயங்கி இதைத் தவறவிடுவார்கள். ஒரு பாட்டு முழுக்க அந்தச் 'சக்'கை மட்டும் கேட்டுப் பாருங்கள், குழு எப்படி ஓடுகிறது என்பது பிடிபட்டுவிடும்.

கேள்வி: இது பல நூற்றாண்டுப் பழைய நாட்டுப்புற இசைதானே?

இல்லை. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். வேர்கள் பழையவை: ஃபிடில் (நம் வயலின்தான்) மெட்டுகள் ஸ்காட்லாந்து, அயர்லாந்துக் குடியேறிகளோடு வந்தன, பாஞ்சோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் உருவாக்கிய கருவி. ஆனால் புளூகிராஸ் என்ற வடிவத்துக்கு வயது எண்பதுதான். கென்டக்கிக்காரர் பில் மன்றோ தன் மாநிலத்தின் செல்லப்பெயரை ஒட்டி 'புளூ கிராஸ் பாய்ஸ்' என்று குழுவுக்குப் பெயர் வைத்தார். 1945 டிசம்பரில் வட கரோலினாவிலிருந்து ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற 21 வயது இளைஞர் அதில் சேர்ந்தார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் பாஞ்சோவை உருட்டி வாசித்த அவர் வந்த பிறகுதான் இன்று நாம் கேட்கும் ஓசை முழுமையானது. குழுவின் பெயரே பிறகு இசைக்கும் பெயராயிற்று.

இன்னொரு பெயரையும் சொல்லியாக வேண்டும்: ஆர்னால்ட் ஷுல்ட்ஸ். கறுப்பினக் கலைஞர், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. சிறுவன் மன்றோ இவருடைய கிடாரையும் ஃபிடிலையும் கேட்டு வளர்ந்தவர். அதை மன்றோவே சொல்லியிருக்கிறார். புளூகிராஸ் பற்றிப் பேசும்போது இவரை விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி: ஜூனில் போகிறோம். ஸ்வெட்டர் தேவையா?

கட்டாயம். பகலில் வெயில் சுடும், மத்தியானம் திடீரென்று மழை கொட்டும், ராத்திரி 5 டிகிரி வரை இறங்கும். முதல் தடவை நான் மெல்லிய சால்வையோடு போய், கடைசிக் குழு வரும்போது பல் கிட்டியது. பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் கேட்காமலே கம்பளி நீட்டினார். மழைக்கோட்டு, கம்பளித் தொப்பி, தண்ணீர் மூன்றும் வேண்டும். உயரத்தால் தலைவலி வரலாம், ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள்.

கேள்வி: பாஞ்சோக்காரர் பாட்டுக்குப் பாட்டு முறுக்காணியைத் திருகிக்கொண்டே இருந்தாரே, ஏன்?

மலைக்குளிரால்தான். குளிரில் எஃகுத் தந்தி சுருங்கிச் சுருதி ஏறும். மேடை விளக்கின் சூட்டில் தளர்ந்து இறங்கும். பாஞ்சோவில் தந்தியைத் தாங்கும் பாலம் மரப்பலகைமேல் இல்லை, இழுத்துக் கட்டிய தோல்மேல் நிற்கிறது (இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக்). அதனால் சின்ன மாற்றமும் உடனே காதுக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி: ஒரே மைக்கைச் சுற்றி எல்லோரும் நிற்பது பார்ப்பதற்காகவா?

பார்க்கவும் அழகுதான், ஆனால் காரணம் ஒலி. வானொலிக் காலத்துப் பழக்கம் அது. தனி வாசிப்பு வரும்போது ஒருவர் மைக்கை நெருங்குகிறார், முடித்ததும் நழுவி விலகுகிறார், அடுத்தவர் உள்ளே வருகிறார். சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர்கள் கால்கள்தான். இன்று பெரும்பாலோர் தனித்தனி மைக் வைத்துக்கொள்கிறார்கள். டெல் மெக்கூரி குழு ஒரே மைக் முறையைப் பல ஆண்டு காப்பாற்றி வந்தது, கிடைத்தால் பாருங்கள்.

கேள்வி: யாரைத் தவறவிடக் கூடாது?

சாம் புஷ். 1975 முதல் இந்த விழாவில் வாசித்து வருகிற மாண்டலின்காரர். ரசிகர்கள் இவரை டெல்லுரைடின் ராஜா என்றே அழைக்கிறார்கள். ஜெர்ரி டக்ளஸின் டோப்ரோவும் கேளுங்கள். தந்திமேல் எஃகுத் துண்டை வழுக்கி வாசிக்கும் கிடார் அது. சித்ரவீணை கேட்ட காதுக்கு அந்தக் குழைவு அந்நியமாக இருக்காது.

கேள்வி: மேடை முடிந்ததும் கூடாரத்துக்குப் போய்த் தூங்கிவிடலாமா?

தயவுசெய்து தூங்காதீர்கள். எனக்கு அந்த விழாவே மேடைக்கு அப்புறம்தான். கூடாரங்களுக்கு நடுவே ஆங்காங்கே நாலைந்து பேர் வட்டமாக நின்று வாசிப்பார்கள். பாடகர் ஒரு சரணம் முடித்து யாரையாவது பார்த்துத் தலையசைத்தால் அடுத்த தனி வாசிப்பு அவருக்கு. வேண்டாமென்றால் அவரும் தலையாட்டிவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். புதியவர்கள் வட்டத்துக்கு வெளியே நின்று மெதுவாக வாசிக்கலாம். பாடுகிறவர் குரல் உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் நீங்கள் சத்தமாக வாசிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இந்த வருஷம் ஒரு வட்டத்தில் எழுபது வயதுப் பெரியவர் ஃபிடில், பன்னிரண்டு வயது இருக்கும் பெண்பிள்ளை பாஞ்சோ. முன்பின் அறிமுகம் இல்லாதவர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. மணி இரண்டு. பெரியவர் ஒரு காலைத் தூக்கினார்; இந்தச் சுற்றோடு முடிக்கலாம் என்பதற்கு அதுதான் சைகை. எல்லோரும் ஒரே தட்டில் நிறுத்தினார்கள். ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பெண் கையை வாயருகே வைத்து ஊதிச் சூடேற்றிக்கொண்டு, "அடுத்தது எந்த ஸ்ருதி?" என்று கேட்டாள்.