இளையர் கலை, மனநலத் திட்டங்களுக்குச் சிங்கப்பூரில் நிதியும் விருதும் எங்கே கிடைக்கும்?

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் நண்பர்கள் ஐவர் சேர்ந்து தமிழ் நாடகப் பயிற்சியும் எழுத்துப் பட்டறையும் நடத்தவும், மன உளைச்சலில் இருக்கும் இளையர்கள் அதன்வழி மனம்விட்டுப் பேச ஓர் இடம் அமைக்கவும், இறுதியில் அதைச் சிறு மேடை நிகழ்ச்சியாகப் படைக்கவும் எண்ணுவதாக எழுதியிருக்கிறீர்கள். பதிவுபெற்ற அமைப்பு எதுவும் கையில் இல்லாத நிலையில் யாரிடம் பணம் கேட்பது, ஏதேனும் விருதுக்கு விண்ணப்பிக்க முடியுமா என்பது உங்கள் கேள்வி. தமிழ் நாடகக் குழுக்களுக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுப்பதும் கணக்கு முடித்துக்கொடுப்பதுமாகச் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் முயற்சிக்குச் சமூக நிதியை நாடுங்கள், கலை மானியத்தை அடுத்த கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், விருதுகளை இப்போதைக்கு வரவுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கலாசார, சமூக, இளையர்துறை அமைச்சு 2016ஆம் ஆண்டில் தொடங்கிய ‘நமது சிங்கப்பூர் நிதி’தான் உங்களுக்கு முதலில் பொருந்தக்கூடியது. ஏற்கத்தக்க செலவுகளில் 80 விழுக்காடு வரை, ஒரு திட்டத்துக்கு 20,000 வெள்ளி உச்சவரம்பு என்ற அளவில் அது வழங்கிவந்திருக்கிறது. குடிமக்கள் தாங்களாகவே முன்வந்து செய்யும் முயற்சிகளுக்கென்றே அமைந்த நிதி என்பதால், சங்கமாகப் பதிவு செய்யாத நண்பர் குழுவும் அதை அணுகலாம்; விண்ணப்பிக்குமுன் அதன் இப்போதைய விதிகளையும் வரம்பையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது தேசிய இளையர் மன்றத்தின் ‘யங் சேஞ்ச்மேக்கர்ஸ்’ மானியம். 15 முதல் 35 வயது வரையுள்ளவர்களையே இளையர் என்று அம்மன்றம் கணக்கிடுகிறது; நீங்கள் ஐவரும் அதற்குள் வந்துவிடுவீர்கள். தொகை சிறியது, ஆனால் அனுபவமில்லாதவர்கள் தொடங்குவதற்கென்றே ஏற்பட்டது. அதே மன்றம் நடத்திவந்த ‘யூத் ஆக்‌ஷன் சேலஞ்ச்’ இதைவிடப் பெரியது. மாதக்கணக்கில் வழிகாட்டிகளோடு அமர்ந்து திட்டத்தைச் செதுக்க வேண்டியிருக்கும். படிப்பையும் தேர்வையும் வைத்துக்கொண்டு முதல் ஆண்டிலேயே அதில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி, கலை மானியத்தை ஏன் தள்ளிவைக்கச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தேசியக் கலைகள் மன்றம் 1991இல் அமைந்தது. அதன் மானியங்களுக்கு வரும் விண்ணப்பங்களில் படைப்பின் தரம் முதன்மையாகப் பார்க்கப்படும். இயக்குநர் யார், அவருடைய முந்தைய படைப்புகள் யாவை, இந்த நாடகம் தமிழ் மேடைக்குப் புதிதாக எதைக் கொண்டுவருகிறது என்ற கேள்விகளுக்கு விண்ணப்பம் பதில் சொல்ல வேண்டும். சமூக நிதியைப் பரிசீலிப்பவர்களோ, பங்கேற்ற இளையர்களிடம் என்ன மாற்றம் ஏற்படும், அதை எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று கேட்பார்கள். இந்த இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் நிறைவுசெய்ய முயன்றால், ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்ற கதைதான். மேடையேற்றம் நன்றாக அமைய வேண்டும் என்பதற்காகத் திறமையுள்ளவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தால் நலத் திட்டம் என்ற தகுதி போய்விடும். யார் வந்தாலும் சேர்த்துக்கொள்வோம் என்றால் படைப்பின் தரத்துக்கு உங்களால் உறுதி சொல்ல முடியாது. ஆகவே முதலில் பட்டறையை நடத்துங்கள். அதிலிருந்து உருப்படியான ஒரு நாடகப் பிரதி பிறந்தால், ரவீந்திரன் நாடகக் குழு, அகம் தியேட்டர் லேப், அவான்ட் தியேட்டர் போன்று ஏற்கெனவே மேடை கண்ட குழு ஒன்றோடு சேர்ந்து அந்தப் பிரதிக்கென்று தனியாகக் கலை மானியம் கேளுங்கள். அப்போது உங்களிடம் காட்டுவதற்குக் கையில் ஒன்று இருக்கும்.

தமிழுக்கென்று உள்ள வழிகளையும் மறக்க வேண்டாம். 2000ஆம் ஆண்டு தொடங்கிய வளர்தமிழ் இயக்கம் ஏப்ரல்தோறும் நடக்கும் தமிழ்மொழி விழாவில் பங்காளி அமைப்புகளின் நிகழ்ச்சிகளை ஆதரிக்கிறது. ஏப்ரல் மேடை வேண்டுமென்றால் முந்திய ஆண்டிலேயே பேச்சைத் தொடங்கிவிடுங்கள். சித்திரை பிறக்கும்போது கேட்டால் எல்லா நாள்களும் நிரம்பியிருக்கும். பங்கேற்பவர்கள் பள்ளி மாணவர்கள் என்றால் தமிழ்மொழி கற்றல் வளர்ச்சிக் குழுவை அணுகுவது பொருத்தமாக இருக்கும். பணமாக இல்லாவிட்டாலும் இடமாகவும் ஆளாகவும் உதவக்கூடியவை சமூக மன்றங்களில் இயங்கும் மக்கள் கழகத்தின் இந்தியர் நற்பணிச் செயற்குழுக்கள். பலர் இவற்றைப் பொங்கல், தீபாவளி நிகழ்ச்சிகளோடு மட்டும் தொடர்புபடுத்திப் பார்க்கிறார்கள். எட்டு வாரத்துக்கு ஓர் அறை கிடைத்தாலே உங்கள் செலவில் ஒரு பகுதி குறைந்துவிடும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மனநலம் என்ற பகுதியில்தான் உங்களைப் போன்ற குழுக்களின் விண்ணப்பங்கள் பெரும்பாலும் வலுவிழக்கின்றன. தேவை இருக்கிறது என்பதை நிறுவ நீங்கள் அதிகம் பாடுபட வேண்டியதில்லை. மனநலக் கழகம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட தேசிய இளையர் மனநல ஆய்வின்படி, 15 முதல் 35 வயதுடையவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் கடுமையான அல்லது மிகக் கடுமையான மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றின் அறிகுறிகள் தமக்கு இருப்பதாகத் தெரிவித்திருக்கிறார்கள். கலைக்கும் நலத்துக்கும் உள்ள தொடர்புக்கு, 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கை இருக்கிறது. இவ்விரண்டையும் இரண்டு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். பரிசீலிப்பவர்களுக்கு இவை தெரியாதவை அல்ல.

அவர்கள் தேடுவது வேறு. ‘இளையர்களிடையே மனநல விழிப்புணர்வை வளர்ப்பதே எங்கள் நோக்கம்’ என்ற வாக்கியத்தை எத்தனையோ விண்ணப்பங்களில் பார்த்துவிட்டேன். அது யாரைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை. ‘ஈசூன், உட்லண்ட்ஸ் வட்டாரங்களில் வசிக்கும், படிப்பை முடித்துவிட்டுத் தேசிய சேவைக்கோ வேலைக்கோ காத்திருக்கும் 17 முதல் 21 வயதுடைய தமிழ் இளையர்கள் இருபது பேர், எட்டு வாரம், வாரம் ஒரு மாலை’ என்று எழுதினால், படிப்பவருக்கு அந்த அறையே கண்ணில் தெரியும். அந்த இருபது பேரை எங்கிருந்து அழைத்துவருவீர்கள் என்பதையும் அடுத்த வரியில் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றில் நான் கண்டிப்பாகவே இருப்பேன். தகுதிபெற்ற கலைவழிச் சிகிச்சையாளர் உங்கள் குழுவில் இல்லாதவரை, உங்கள் பட்டறை மனநோயைக் குணப்படுத்தும் என்றோ சிகிச்சை அளிக்கும் என்றோ எழுதாதீர்கள். கலைவழிச் சிகிச்சை என்பது லாசால் கலைக் கல்லூரியில் முதுகலைப் பட்டமாகவே கற்பிக்கப்படும் தனித் துறை. இரண்டு நாடக விளையாட்டுகளைக் கற்றுக்கொண்டு வந்து அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வது பங்கேற்பவருக்கே ஆபத்தானது. தன் கதையை எழுதிக்கொண்டிருக்கும் ஒருவர் நடுவில் உடைந்து அழுதாலோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டதாகச் சொன்னாலோ, அந்த நேரத்தில் அறையில் யார் பொறுப்பு, அவரை யாரிடம் அழைத்துச் செல்வீர்கள், 18 வயதுக்கு உட்பட்டவராக இருந்தால் பெற்றோருக்கு எப்படித் தெரிவிப்பீர்கள் என்பதை ஒரு பத்தியாக விண்ணப்பத்தில் எழுத வேண்டும். ஆலோசகர் ஒருவரை ஒவ்வோர் அமர்வுக்கும் அழைப்பதும், 2025இல் தொடங்கிய 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணையும், தற்கொலைத் தடுப்புக்கு உதவும் ‘சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர்’ அமைப்பின் 1767 என்ற எண்ணையும் பங்கேற்பாளர் கையேட்டில் அச்சிடுவதும் குறைந்தபட்ச ஏற்பாடுகள். கவிதையை மேடையில் வாசிக்க ஒப்புக்கொண்டவர், மேடைநாளன்று வேண்டாம் என்று சொன்னால் அதை ஏற்றுக்கொள்வோம் என்பதையும் எழுதிவையுங்கள்.

இப்போது பணக் கணக்கு. விண்ணப்பத்தின் மற்றப் பக்கங்களைவிட இந்தப் பக்கம்தான் நீங்கள் யோசித்திருக்கிறீர்களா இல்லையா என்பதைக் காட்டிக்கொடுக்கும். எடுத்துக்காட்டாக, இரண்டு பயிற்றுநர்களுக்கு எட்டு அமர்வுக்கு, அமர்வுக்குத் தலா 150 வெள்ளி வீதம் 2,400. ஆலோசகருக்கு அமர்வுக்கு 200 வீதம் 1,600. அறை வாடகை 640. இறுதி நிகழ்ச்சிக்குச் சிறு அரங்கம் இரண்டு நாளுக்கு 2,500. ஒளி, ஒலி 1,200. ஆங்கில வசன வரிகளுக்கு 600. இருபது பேருக்கு எட்டு மாலை, ஆளுக்கு 6 வெள்ளி வீதம் சிற்றுண்டி 960. அச்சும் பொருள்களும் 400 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10,300 வெள்ளி. 80 விழுக்காடு என்றால் 8,240 கிடைக்கும், மீதி 2,060 உங்கள் பொறுப்பு என்று நினைப்பீர்கள். ஆனால் விழுக்காடு ஏற்கத்தக்க செலவுக்கு மட்டுமே உரியது. சிற்றுண்டிச் செலவு முழுவதையும் அவர்கள் தள்ளிவிட்டால் கணக்கு 9,340ஆகக் குறைந்து, உதவி 7,472ஆகி, உங்கள் பங்கு 2,828ஆக ஏறிவிடும். பயிற்றுநருக்குக் கொடுப்பதைக் குறைத்து இதைச் சரிக்கட்டலாம் என்று தோன்றும்; தயவுசெய்து செய்யாதீர்கள். கலைஞர்கள் தமிழுக்காக இலவசமாக வருவார்கள் என்ற எதிர்பார்ப்பு நம் சமூகத்தில் ஏற்கெனவே அளவுக்கு மேல் இருக்கிறது.

அந்த இரண்டாயிரத்துச் சொச்சத்தை நுழைவுச்சீட்டு, நன்கொடை ஆகியவற்றிலிருந்துதான் திரட்ட வேண்டும். நன்கொடை கேட்டு ஒரு கடைக்காரரிடமோ நிறுவனத்திடமோ போகும்போது, வரிக்கழிவு கிடைக்குமா என்று கேட்பார்கள். பொதுநல அமைப்புத் தகுதி பெற்ற அறநிறுவனங்களுக்கு அளிக்கும் நன்கொடைக்கு 250 விழுக்காடு வரிக்கழிவு உண்டு. உங்களைப் போன்ற பதிவில்லாத குழுவுக்கு நேரடியாகக் கொடுத்தால் கிடையாது. அத்தகைய தகுதியுள்ள அமைப்பு ஒன்று உங்கள் திட்டத்தைத் தன் குடையின்கீழ் எடுத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் தீரும். கூடவே, அவர்களுடைய கணக்காளர் உங்கள் ரசீதுகளைப் பார்ப்பார் என்ற நன்மையும் உண்டு. ஏனென்றால் மானியங்கள் பொதுவாகத் தவணையாகத்தான் வரும். இறுதித் தவணை, நிகழ்ச்சி முடிந்து அறிக்கையும் கணக்கும் ஒப்படைத்த பிறகுதான். இடைப்பட்ட வாரங்களில் அரங்க வாடகையை யாருடைய வங்கிக் கணக்கிலிருந்து கட்டுவீர்கள் என்பதை ஐவரும் அமர்ந்து முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். இதனால் பிரிந்துபோன நட்புகளை எனக்குத் தெரியும்.

பொதுமக்களுக்கான மேடை நிகழ்ச்சி என்றால் தகவல், ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் கலை நிகழ்ச்சி உரிமம் தேவைப்படலாம். பிரதியை முன்னதாகவே கொடுக்க வேண்டியிருக்கும். பட்டறையில் பிறக்கும் பிரதி கடைசி வாரம் வரை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், ஆறாம் வாரத்துக்குள் பிரதியை முடித்துவிட்டு, நிகழ்ச்சியைப் பட்டறை முடிந்து இரண்டு மாதம் கழித்து வைப்பது நல்லது.

விருதுகளுக்கு வருகிறேன். 1992இல் தொடங்கிய இளம் கலைஞர் விருது 35 வயதுக்கு உட்பட்ட கலைஞர்களுக்கு உரியது. 20,000 வெள்ளி மானியமும் அதோடு சேர்ந்தது. ஆனால் அது ஒருவர் ஏற்கெனவே படைத்தவற்றைப் பார்த்துத் தருவது. சிங்கப்பூர் இளையர் விருதும் அப்படித்தான், செய்து முடித்தவருக்கே. மூத்த கலைஞர்களுக்கான நாட்டின் உயரிய விருதான கலாசாரப் பதக்கத்தைப் பற்றி உங்களுக்கு இப்போது சொல்லத் தேவையில்லை. இப்போதைய நிலையிலேயே நீங்கள் முயலக்கூடியவை எழுத்துப் போட்டிகள்: சிறுகதைக்கும் கவிதைக்கும் தமிழ் உட்பட நான்கு மொழிகளிலும் நடக்கும் தங்கமுனை விருது, தமிழில் எழுதிய கதைகளையும் ஏற்றுக்கொள்ளும், கட்டணமே இல்லாத காமன்வெல்த் சிறுகதைப் பரிசு ஆகியவை. உங்கள் பட்டறையில் எழுதுபவர்களில் ஒருவருக்கு இவற்றில் வாய்ப்பிருக்கலாம். ஆனால் கதை எழுதியவருடையது. பட்டறையில் சொந்த வாழ்க்கையிலிருந்து எழுதப்பட்ட ஒன்றை உங்கள் குழுவின் பெயரிலோ, எழுதியவரின் எழுத்துமூலமான ஒப்புதல் இல்லாமலோ எங்கும் அனுப்பக் கூடாது. சமூகப் பணிக்கென்றால், 15 முதல் 29 வயது வரையுள்ளவர்களுக்கான காமன்வெல்த் இளையர் விருது இருக்கிறது. திட்டம் ஓராண்டாவது நடந்து, வந்தவர்களின் வருகைப் பதிவும் அவர்கள் முதல் வாரத்திலும் கடைசி வாரத்திலும் நிரப்பிய கருத்துப் படிவங்களும் உங்களிடம் இருந்தால் அப்போது அதைப் பாருங்கள். அந்தப் படிவத்தை இப்போதே தயார்செய்துவிடுங்கள். நிதி கொடுத்தவர்கள் கேட்கும் இறுதி அறிக்கைக்கும் அதே தாள்கள்தாம் வேண்டியிருக்கும்.