செர்பியாவின் செப்பு நகரமான பொர்: நான்கு நாள் பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: கோயம்புத்தூரில் பல ஆண்டுகள் வார்ப்பாலை நடத்தி ஓய்வுபெற்ற தம்பதியர் நாங்கள். அக்டோபரில் வியன்னாவில் இருக்கும் மகள் வீட்டுக்குச் செல்கிறோம். அங்கிருந்து நான்கு நாள் செர்பியாவுக்குப் போய், செப்புச் சுரங்க நகரமான பொரையும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களையும் பார்க்க வேண்டும் என்று என் கணவர் ஆசைப்படுகிறார். ஷெங்கன் விசா இருக்கிறது. நாங்கள் சைவம். எனக்கு லேசான ஆஸ்துமா உண்டு. வெளிநாட்டில் கார் ஓட்டும் துணிவு இருவருக்கும் இல்லை. இந்தப் பயணம் சாத்தியமா? பெல்கிரேடிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாமா?

பதில்: பயணம் சாத்தியம்தான். ஆனால் ஒரே நாளில் போய்த் திரும்பும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பெல்கிரேடிலிருந்து பொருக்குச் சாலை வழியாகச் சுமார் 240 கிலோமீட்டர். பேருந்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போக வர எட்டு மணி நேரத்துக்கு மேல் கழிந்த பிறகு மிஞ்சும் பொழுதில் புகைபோக்கிகளையும் மண்மேடுகளையும் மட்டும் பார்த்துவிட்டு, இது அழகற்ற ஊர் என்ற முடிவோடு திரும்ப நேரிடும். சுரங்கத்தையும் கிராமங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த ஊர் புரியும். சுரங்கத்துக்கு வேண்டிய நிலமும் உழைப்பும் கிராமங்களிலிருந்து வந்தன. சுரங்கத்தின் சம்பளமும் புகையும் கிராமங்களுக்குப் போயின. ஆகவே அங்கே மூன்று இரவுகள் தங்குவதுபோல் திட்டமிடுங்கள்.

முதலில் விசா. இந்தியர்கள் விசா இல்லாமல் செர்பியாவுக்குச் செல்லும் சலுகை 2023 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது. எனினும் செல்லுபடியாகும் ஷெங்கன் விசா வைத்திருப்பவர்கள் தனியாகச் செர்பிய விசா எடுக்கத் தேவையில்லை. செர்பியாவில் இருக்கும் நாள் முழுவதும் அந்த விசா காலாவதியாகாமல் இருந்தால் போதும். இங்கே பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. செர்பியா ஷெங்கன் பகுதிக்குள் இல்லை. உங்கள் விசா ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிப்பதாக இருந்தால், வியன்னாவிலிருந்து பெல்கிரேடுக்குப் பறந்த கணமே அது தீர்ந்துவிடும். மகள் வீட்டுக்குத் திரும்ப முடியாது. பலமுறை நுழைவதற்கான விசாவா என்பதைப் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். விதிகள் மாறக்கூடியவை என்பதால், புறப்படுவதற்கு முன் செர்பியத் தூதரகத்தின் அறிவிப்பையும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

செர்பியாவுக்குள் நுழைந்த வெளிநாட்டவரின் தங்குமிடம் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் பதிவாக வேண்டும். ஓட்டலில் தங்கினால் அவர்களே பதிவு செய்துவிடுவார்கள். தனியார் வீட்டில் அறை எடுத்தால் வீட்டுக்காரர் அதைச் செய்ய வேண்டும். செய்தாரா என்று கேட்டு, அதற்கான வெள்ளை அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பெல்கிரேடின் பேருந்து நிலையம் 2024 முதல் நியூ பெல்கிரேடு பகுதியில் இயங்குகிறது. பழைய வழிகாட்டி நூல்களில் இருப்பது முந்தைய இடம். பொருக்கு ரயில் பாதையும் இருக்கிறது, ஆனால் உங்கள் பயணத்துக்குப் பேருந்தே ஏற்றது. பெயர்ப்பலகைகள் சிரிலிக் எழுத்திலோ லத்தீன் எழுத்திலோ இருக்கலாம் என்பதால், ஊர்ப் பெயர்களை இரு எழுத்துகளிலும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். கையில் யூரோ கொண்டுபோய், உரிமம் பெற்ற மாற்று நிலையத்தில் தினாராக மாற்றுங்கள். ஒரு யூரோவுக்குச் சுமார் 117 தினார் கிடைக்கும். கிராமங்களில் ரொக்கம்தான் செல்லும்.

அந்தத் தினார்களில் ஓர் ஆயிரம் தினார் தாள் இருந்தால், அதில் உள்ள மனிதரின் முகத்தை உங்கள் கணவர் சற்று நின்று பார்க்கலாம். அவர் ஜார்ஜ் வைஃபெர்ட். பெல்கிரேடில் பீர் ஆலை நடத்திய தொழிலதிபர். செர்பிய மத்திய வங்கியின் ஆளுநராகவும் இருந்தவர். அவருடைய ஆட்கள் பல ஆண்டுகள் தேடி, 1902இல் பொரில் செப்புத் தாதுவைக் கண்டறிந்தார்கள். 1903இல் சுரங்கம் தொடங்கியது. அடுத்த ஆண்டே பிரெஞ்சு மூலதனத்தில் ஒரு நிறுவனம் உருவாகி அதை ஏற்றது. அதுவரை பொர் ஒரு மலையடிவாரக் கிராமம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சுரங்கம் யுகோஸ்லாவிய அரசின் கைக்கு வந்தது. 2018இல் சீனாவின் ஸிஜின் மைனிங் நிறுவனம் 63 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. 2021இல் சுக்காரு பெக்கி என்ற புதிய சுரங்கத்தையும் திறந்தது. சீன எழுத்துப் பலகைகளை நீங்கள் ஊரில் பார்ப்பதற்கும், அறைகள் எளிதில் கிடைக்காமல் இருப்பதற்கும் இதுவே காரணம். ஒப்பந்தப் பணியாளர்கள் விடுதிகளை நிரப்பிவிடுவதால், அறையை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

நகரத்தைச் சுரங்கவியல், உலோகவியல் அருங்காட்சியகத்திலிருந்து தொடங்குங்கள். 1950இல் நிறுவப்பட்ட அது, உங்கள் கணவரைப் போன்ற உலோகத் தொழிலாளருக்காகவே அமைந்ததுபோல் இருக்கும். பழைய சுரங்க இயந்திரங்களைத் திறந்தவெளியிலும் நிறுத்திவைத்திருக்கிறார்கள். இந்த வட்டாரத்தில் செம்பின் கதை 1902இல் தொடங்கவில்லை. வடக்கே மைடான்பெக் பக்கம் உள்ள ருட்னா கிளாவாவில், கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் ஆயிரமாண்டிலேயே வின்ச்சா பண்பாட்டு மக்கள் செப்புத் தாதுவைத் தோண்டியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் அறியப்பட்ட மிகப் பழைய செப்புச் சுரங்கங்களில் அது ஒன்று. அருங்காட்சியகத்துக்குப் பிறகு, பிரெஞ்சுக்காரர் காலத்துத் தொழிலாளர் குடியிருப்புகள் இருந்த பகுதிகளையும், யுகோஸ்லாவியக் காலத்து அடுக்குமாடி வீடுகளையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். பழைய திறந்தவெளிச் சுரங்கக் குழி நகரத்துக்குத் தொலைவில் இல்லை, நகரத்தை ஒட்டியே இருக்கிறது. தில்வா ரோஷ் என்று அழைக்கப்பட்ட ஒரு குன்றே வெட்டப்பட்டுக் குழியாகிவிட்டது. குழியைப் பாதுகாப்பாகப் பார்க்கக்கூடிய இடம் தற்போது எது என்பதைப் பொர் சுற்றுலா அமைப்பிடம் கேட்டறிந்து செல்லுங்கள். வேலை நடக்கும் பகுதிகளில் காவலர்கள் இருப்பார்கள். வாயில்களையும் ஆட்களையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

இப்போது உங்கள் ஆஸ்துமாவைப் பற்றி. இதை நீங்கள் சொன்னது மிகச் சரி. பொரின் தாது பெரும்பாலும் கந்தகம் கலந்தது. அதை உருக்கும்போது கந்தக டை ஆக்சைடு வெளியாகிறது. அந்த வாயுவைப் பிடித்துக் கந்தக அமிலமாக மாற்றும் ஆலை உண்டு. உருக்காலையும் கடந்த சில ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் பொரின் காற்று நெடுங்காலமாகக் கந்தக டை ஆக்சைடுக்கும், நுண்துகள்களில் கலந்துள்ள ஆர்சனிக்குக்கும் பெயர்பெற்றது. சில நாள் தங்கும் பயணிக்கு ஆர்சனிக் பெரிய கவலையன்று; அங்கேயே வாழ்பவர்களுக்குத்தான் அது கவலை. கந்தக டை ஆக்சைடு அப்படியில்லை. ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாயை அது சில நிமிடங்களிலேயே இறுக்கிவிடக்கூடும். உங்கள் மருத்துவரைக் கேட்டு, இன்ஹேலரைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையிலேயே வைத்திருங்கள். என்95 முகக்கவசம் தூசியைத் தடுக்கும், இந்த வாயுவைத் தடுக்காது. செர்பியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நகரத்தின் காற்று அளவீடுகளை இணையத்தில் உடனுக்குடன் வெளியிடுகிறது. காலையில் அதைப் பார்த்த பிறகு வெளியே கிளம்புங்கள். தொண்டையில் காரமான எரிச்சல் தெரிந்தால் உள்ளே போய் ஜன்னலை மூடிவிடுங்கள்.

இதற்காகவே, நகர மையத்தில் தங்குவதைவிட, சுமார் 17 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பொர் ஏரிப் பக்கம் தங்குமாறு உங்களுக்குச் சொல்வேன். காடு சூழ்ந்த அந்த ஏரி இயற்கையானது அல்ல. 1959இல் சுரங்கத் தொழிலுக்குத் தண்ணீர் வேண்டிக் கட்டப்பட்டது. ஏரிக்குப் போகும் வழியில் பிரெஸ்தொவாச்கா பான்யா என்ற வெந்நீரூற்று ஊர் இருக்கிறது. துருக்கியர் காலத்துக் குளியல்கூடமும், 19ஆம் நூற்றாண்டுச் செர்பிய இளவரசர்கள் வந்து தங்கிய மாளிகையும் அங்கே உண்டு. ஒரு பிற்பகல் அதற்குப் போதும்.

ஏரிக்கு மேற்கே எழும் மலைகளைப் பார்க்கும்போது, அவற்றில் நடந்த ஒன்றையும் அறிந்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பொரின் செம்பைத் தங்கள் ஆயுதத் தொழிலுக்குப் பயன்படுத்தினார்கள். 1943-44இல் ஹங்கேரியிலிருந்து சுமார் 6,000 யூத ஆண்களைக் கட்டாய உழைப்புக்கு இங்கே கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவர் மிக்லோஷ் ராட்னோதி என்ற கவிஞர். முகாமில் ஒரு சிறு குறிப்பேட்டில் கவிதைகள் எழுதினார். 1944 செப்டம்பரில் கைதிகளை நடத்தியே ஹங்கேரிக்குக் கொண்டுபோனபோது வழியில் நலிந்து, நவம்பரில் அப்டா என்ற ஊரருகே சுட்டுக் கொல்லப்பட்டார். 1946இல் கூட்டுப் புதைகுழியைத் தோண்டியபோது அந்தக் குறிப்பேடு அவர் உடையில் கிடைத்தது.

அடுத்து கிராமங்கள். பொரைச் சுற்றியுள்ள க்ரிவேல், ஸ்லாட்டினா, ஸ்லொட் போன்ற ஊர்களில் விளாஹ் மக்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். அவர்கள் மொழி ருமேனிய மொழிக்கு மிக நெருக்கமானது. சமயத்தால் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். வெளியாரிடம் செர்பிய மொழியில் பேசுவார்கள். 1935இல் உருக்காலைப் புகை பயிரையும் தோட்டத்தையும் கருக்கியதைப் பொறுக்காமல் இந்தக் கிராமங்களின் விவசாயிகள் திரண்டு பொருக்குள் நடந்து, புகையைத் தடுக்கக் கோரினார்கள். அதிலிருந்து ஒரு நூற்றாண்டு நெருங்கும் நிலையிலும் சுரங்கத்துக்கும் நிலத்துக்கும் உள்ள வழக்கு முடியவில்லை. சுரங்கம் விரிவதால் க்ரிவேல் மக்கள் இடம்பெயரும் கேள்வியில் நிற்கிறார்கள். இதே வீடுகளில்தான் சுரங்கச் சம்பளம் வாங்குபவர்களும் இருக்கிறார்கள் என்பதால், ஸிஜின் நல்லதா கெட்டதா என்று போனவுடன் கேட்காதீர்கள். அவர்களே பேச்சை எடுத்தால் பொறுமையாகக் கேளுங்கள். விளாஹ் மக்களின் மந்திரம், மாயம் பற்றிச் செர்பியாவில் நிறையக் கதைகள் உலவுகின்றன. அதையும் விசாரிக்க வேண்டாம். மனிதர்களை வேடிக்கைப் பொருளாக்கும் கேள்வி அது. மாறாக, இறந்தவர்களின் நினைவாக அவர்கள் உணவு படைத்து உறவினரோடு பகிரும் பொமானா சடங்கைப் பற்றி மரியாதையுடன் கேட்டால் மனம்திறந்து சொல்வார்கள். திதியும் படையலும் அறிந்த உங்களுக்கு அது உடனே விளங்கும்.

ஒரு வீட்டுக்குள் அழைக்கப்பட்டால் செருப்பை வாசலில் கழற்றிவிடுங்கள்; அங்கும் அதுவே வழக்கம். காப்பித்தூள் பொட்டலமோ சாக்லேட்டோ கொண்டுபோவது நல்ல முறை. ராக்கியா என்ற பழச்சாராயம் கட்டாயம் நீட்டப்படும். குடிக்காதவர்கள் கையை நெஞ்சில் வைத்து, குடிப்பதில்லை என்று புன்னகையோடு சொன்னால் யாரும் வருந்த மாட்டார்கள். ஆனால் ஸ்லாட்கோ என்ற பழப்பாகைக் கிண்ணத்தில் கொண்டுவந்தால் மறுக்காதீர்கள். ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டுத் தண்ணீர் குடிப்பதுதான் முறை.

உணவைப் பற்றி நீங்கள் அஞ்சும் அளவுக்குச் சிரமம் இல்லை. சைவம் என்று சொல்வதைவிட, "பொஸ்னோ" என்று சொல்லுங்கள். ஆர்த்தடாக்ஸ் விரத நாள்களுக்கான உணவு அது. இறைச்சி, பால், முட்டை எதுவும் இராது. மீன் மட்டும் சில வேளை இடம்பெறும் என்பதால், மீனும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். அடுப்பில் வேகவைத்த பீன்ஸான பிரெப்ரனாட்ஸ் நிறைவான உணவு, ஆனால் புகையூட்டிய இறைச்சி சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பால் பொருள் சாப்பிடுவீர்களானால், பாலாடைக்கட்டி தூவிய ஷோப்ஸ்கா சாலட், சோளமாவுக் களியான கச்சமாக், உப்பிடாத புதிய ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் சோளமாவும் சேர்த்துக் கிண்டும் பெல்முஷ் ஆகியவை இந்த வட்டாரத்தின் உண்மையான சுவை. பெல்முஷ் எங்கும் எப்போதும் கிடைக்காது, கிடைத்தால் விடாதீர்கள்.

ஸ்லொட் கிராமத்துக்குப் பக்கத்தில் லாசர் குகை இருக்கிறது. பொரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். சுண்ணாம்புப் பாறைக் குகையான அதில் தொல்பழங்கால மக்கள் உலோகவேலை செய்த தடயங்களும் கிடைத்திருக்கின்றன. உள்ளே ஆண்டு முழுவதும் குளிர்தான். கம்பளிச் சட்டையும் வழுக்காத காலணியும் வேண்டும். பருவம் முடியும் மாதம் அக்டோபர் என்பதால், திறந்திருக்கிறதா என்று முதல்நாளே கேட்டுவிடுங்கள். அருகிலுள்ள லாசர் பள்ளத்தாக்குக்குள் வழிகாட்டி இல்லாமல் இறங்க வேண்டாம். விளிம்பிலிருந்து பார்ப்பதே உங்கள் வயதுக்கு நிறைவாக இருக்கும்.

கார் ஓட்டாததால் வரும் குறை சிறிதுதான். கிராமங்களுக்குச் செல்லும் பேருந்துகளின் நேரம் பயணிகளுக்குப் பொருந்தாது. உள்ளூர் டாக்சி ஒன்றை ஒரு முழு நாளுக்குப் பேசி, தொகையையும் காத்திருக்கும் நேரத்தையும் கிளம்புவதற்கு முன்பே எழுதி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நான்கு நாள்களை இப்படி வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் காலை விமானத்தில் பெல்கிரேடு, அங்கிருந்து பேருந்தில் மாலைக்குள் பொர், டாக்சியில் ஏரி. இரண்டாம் நாள் அருங்காட்சியகமும் நகரமும். காற்று மோசமாக இருந்தால் அன்று பான்யாவுக்குப் போய்விட்டு, நகரத்தை மறுநாளுக்கு மாற்றுங்கள். மூன்றாம் நாள் ஸ்லொட், குகை, வழியிலுள்ள கிராமங்கள். நான்காம் நாள் காலைப் பேருந்தில் பெல்கிரேடு, இரவு விமானத்தில் வியன்னா. ஐந்தாவது நாள் ஒன்றைச் சேர்க்க முடியுமானால், ஸயெச்சார் அருகே காம்ஸிகிராடுக்குப் போங்கள். ரோமப் பேரரசர் கலேரியஸ் தான் பிறந்த மண்ணில் எழுப்பி, தாய் ரோமுலாவின் பெயரைச் சூட்டிய மதில்சூழ் அரண்மனை அங்கே இருக்கிறது. 2007இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தது. அதைப் பார்த்துவிட்டு ஸயெச்சாரிலிருந்தே பெல்கிரேடு பேருந்தைப் பிடிக்கலாம். பொருக்குத் திரும்ப வேண்டியதில்லை. ஆனால் நான்கு நாள்தான் என்றால், ஸ்லொட் நாளைக் குறைத்து அந்த அரண்மனையை நுழைக்காதீர்கள்.