ரும்ஃபியஸின் கண்கள் – கடிதம்

வணக்கம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த இயற்கையியலாளர்கள் பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். ராபர்ட் ஹூக் (1703), ஜான் ரே (1705), மரியா சிபில்லா மெரியன் (1717) என்று ஆளுக்கு ஒரு பத்தி கொடுத்த நீங்கள், 1702-ல் இறந்த ரும்ஃபியஸுக்குக் கொடுத்தது ஒரே வரி: "பார்வையில்லாமல் 1,200 தாவரங்களைப் பற்றி எழுதியவர்." நான் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். இலையைத் திருப்பிப் பார்க்காமல், பூவைப் பிரித்து லென்ஸில் வைக்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள் என்று மாணவர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பவள். அதனால் அந்த வரி உறுத்துகிறது. யாரோ பார்த்துச் சொன்னதற்கு இவர் பெயர் போட்டுக்கொண்டார் என்றுதானே ஆகிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தவறு என்னுடையது. அந்த வரியைப் படிப்பவர்கள் அவர் பிறவியிலேயே பார்வையற்றவர் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அப்படியில்லை.

கியோர்க் எபர்ஹார்ட் ரும்ஃபியஸ் 1627-ல் ஜெர்மனியில் பிறந்தவர். டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியில் சிப்பாயாகச் சேர்ந்து, பட்டாவியா (இன்றைய ஜகார்த்தா) வழியாக 1654-ல் அம்போன் தீவுக்கு வந்தார். இன்றைய இந்தோனேசியாவின் கிழக்கே, மலுக்குத் தீவுகளில் ஒன்று அது. கிராம்பு விளையும் மண். வேறு யாரும் கிராம்பு விற்கக் கூடாது என்பதற்காகச் சுற்றுத் தீவுகளில் இருந்த மரங்களையெல்லாம் வெட்டிச் சாய்த்த கம்பெனியின் சம்பளத்தில்தான் இவர் செடிகளைத் தேடி அலைந்தார். அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றிப் பேசுவது சரியில்லை. சில ஆண்டுகளில் ராணுவ வேலையிலிருந்து வணிகப் பிரிவுக்கு மாறி, தீவின் வடக்குக் கரையில் ஹீலா என்ற ஊரில் அதிகாரியாக இருந்தார். வேலை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் காடும் கடற்கரையும்தான்.

1670-ல் பார்வை போனது. அப்போது வயது 42. அதற்குள் பதினாறு ஆண்டுகள் அந்தத் தீவை அவர் கண்ணாரப் பார்த்திருந்தார். நீங்கள் மாணவர்களிடம் கேட்கும் அந்த வேலையை அவர் செய்து முடித்திருந்தார் என்பதே என் முதல் பதில்.

இரண்டாவது பதில் அவருடைய நூலில் இருக்கிறது. ஹெர்பாரியம் அம்போயினென்சே, அதாவது அம்போனின் தாவர நூல், தென்னையில் தொடங்குகிறது. மலாயில் அதற்கு கெலப்பா என்று பேர். அதையே லத்தீன் சாயலில் கலப்புஸ் என்று வைத்துக்கொண்டார். ஒவ்வொரு செடிக்கும் மலாய்ப் பேர், அம்போன் பேர், எங்கே வளரும், எப்படி மணக்கும், நாக்கில் வைத்தால் எப்படி இருக்கும், எந்த நோய்க்கு அரைத்துக் கொடுக்கிறார்கள், எதோடு சேர்த்துச் சமைக்கிறார்கள் என்று போகிறது. கண்ணுக்குத் தெரிவது இதில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் மூக்கும் நாக்கும் விரலும், அப்புறம் ஊர்க்காரர்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்ட காதும். பார்வை இருந்தபோது அவர் லத்தீனில் எழுதிவந்தார். போன பிறகு, சொல்லச் சொல்ல லத்தீனில் எழுத ஆள் கிடைக்கவில்லை; டச்சுக்கு மாறி முதலிலிருந்து தொடங்கினார். எழுதவும் வரையவும் கம்பெனி ஆட்களைக் கொடுத்தது. மகன் பவுலுஸ் படம் வரைந்தான்.

சரி, அப்படியானால் இது யாருடைய நூல்? இதில் நீங்கள் சொல்வது பாதி உண்மை. மரமேறிக் காய் பறித்து வந்தவர்கள், பேர் சொல்லிக் கொடுத்தவர்கள், வைத்தியம் விளக்கிய கிழவிகள் பெரும்பாலும் பேரில்லாமலே போய்விட்டார்கள். ஆனால் இரவல் கண்ணை இரவல் என்று ஒப்புக்கொள்ளத் தெரிந்தவர் அவர். அதற்கு ஒரு பூ சாட்சி.

1674 பிப்ரவரி 17, சனிக்கிழமை. சீனப் புத்தாண்டுக் கொண்டாட்ட நாட்கள். காற்றில்லாத, நல்ல நிலா வெளிச்சமுள்ள இரவு. மனைவி சுசன்னாவும் இளைய மகளும் கொண்டாட்டம் பார்க்கப் போயிருந்தார்கள். ஏழரை மணி வாக்கில் கோட்டையின் மணிகள் தாமாகவே அடித்தன. பூமி ஆடியது. சுவர் இடிந்து விழுந்து இருவரும் இறந்தார்கள். அப்புறம் கடல் எழுந்தது. வடக்குக் கரையில் சில இடங்களில் தண்ணீர் 100 மீட்டர் உயரம் வரை ஏறியது. செத்தவர்கள் 2,300 பேருக்கு மேல். அந்த இரவைப் பற்றி ஊர் ஊராக விவரம் திரட்டி எழுதிவைத்ததும் ரும்ஃபியஸ்தான். அந்தப் பகுதியின் ஆழிப்பேரலை வரலாற்றை ஆராய்பவர்கள் இன்றும் அந்தக் குறிப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள். மனைவியையும் பிள்ளையையும் பறிகொடுத்தவர் அதைச் செய்தார் என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

தரையில் வளரும் ஒரு வெள்ளை ஆர்க்கிட்டுக்கு ஃப்ளோஸ் சுசன்னே, சுசன்னாவின் பூ, என்று பேர் வைத்தார். பூவின் உதடு இரண்டு பக்கமும் சீப்புப் பல் போலக் கிழிந்திருக்கும். செடி தேடுவதில் தன் முதல் துணை அவள்தான், இந்தப் பூவைக் காட்டிக்கொடுத்ததும் அவள்தான் என்று அங்கேயே எழுதியிருக்கிறார். இன்றைய அறிவியல் பேரும் பெக்டெய்லிஸ் சுசன்னே. உங்கள் மாணவர்களுக்கு அந்தப் பேர்க்காரணத்தைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1687-ல் ஊரில் பிடித்த தீயில் நூலகமும் தாவரப் படங்களும் எரிந்தன, திரும்ப வரையவைத்தார். 1692-ல் கைப்பிரதியை ஏற்றிச்சென்ற கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் மூழ்கடித்தார்கள். பட்டாவியாவில் கவர்னர் ஜெனரல் காம்ப்ஹாய்ஸ் முன்யோசனையோடு ஒரு நகல் எடுத்துவைத்திருந்தார். நூல் பிழைத்தது அதனால்தான். ஹாலந்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் கம்பெனி அதை வெளியே விடத் தயங்கியது. 1702 ஜூன் 15-ல் ரும்ஃபியஸ் இறந்தார். முதல் தொகுதி அச்சேறியது 1741-ல், முப்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து. அதைப் பதிப்பித்த யோஹன்னஸ் புர்மன் டச்சுக்குப் பக்கத்திலேயே லத்தீனையும் சேர்த்தார். ரும்ஃபியஸ் கைவிட்ட மொழி அப்படித்தான் திரும்பி வந்தது.

சங்கு, நண்டு, கனிமங்கள் பற்றிய அவருடைய இன்னொரு நூல் 1705-ல் ஆம்ஸ்டர்டாமில் வந்தது. அதன் முன்பக்கத்தில் கிழவரான ரும்ஃபியஸின் படம் இருக்கிறது. மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அதன் மேலே சங்குகளும் செடிகளும் பரந்து கிடக்கின்றன, கைகள் அவற்றுக்கு நடுவே. வரைந்தவன் பவுலுஸ். அப்பா ஒருநாளும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே வரைந்திருக்கிறான்.

அன்புடன்