சென்னை ஜார்ஜ் டவுன்: சிலர் புகழ்வதும் சிலர் வெறுப்பதும் ஏன்?

நீங்கள் எந்த நேரத்தில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பகல் பதினொரு மணிக்கு கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் சிக்கியவர், 'தள்ளுவண்டி, இரைச்சல், குப்பை' என்றுதான் சொல்வார். அது பொய்யல்ல. ஞாயிறு காலையில் அர்மீனியன் தெருவில், 1772இல் கட்டப்பட்ட தேவாலயத்தின் முன் நின்றவர் வேறு ஊரைப் பார்த்திருப்பார்.

வெள்ளையர் இதை முதலில் 'கறுப்பர் நகரம்' என்றே அழைத்தார்கள். ஜார்ஜ் மன்னரின் பெயர் பிறகு வந்தது. அந்தப் பழைய இளக்காரத்தின் மிச்சம் இன்றைய பேச்சிலும் இருக்கிறதோ என்று எனக்குத் தோன்றும்.

வியாபாரிகளுக்கோ இது சோறு போடும் இடம். ஆண்டர்சன் தெருவில் காகிதம், சௌகார்பேட்டையில் துணியும் நகையும். கொத்தவால்சாவடி மொத்தச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போனதை இழப்பு என்பவர்களும் உண்டு, மூச்சு விட முடிந்தது என்பவர்களும் உண்டு.

தம்பு செட்டி தெருவில் காளிகாம்பாள், ராசப்ப செட்டி தெருவில் கந்தகோட்டம், சில தெருக்கள் தள்ளி சமணக் கோயில்கள். இவ்வளவும் நடந்தே போகும் தூரத்தில்! இடிந்துவரும் பழைய திண்ணை வீடுகளைப் பார்த்தால்தான் மனம் வலிக்கிறது. வசிக்க இடம் தேடுகிறீர்கள் என்றால், வார நாள் மாலையில் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.